கலெமெக்தான்: பெல்கிரேட் கோட்டைப் பூங்காவை முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடுக்குப் போகிற எவரும் கலெமெக்தானை விட்டுவிட்டு வருவதில்லை. ஆனால் பலரும் மேட்டின் உச்சியில் இருக்கும் ஒரு சிலை வரை நடந்து, கீழே இரண்டு நதிகள் சேரும் இடத்தைப் படமெடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். கோட்டையின் கீழ்ப்பாதி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம். இந்தக் கோட்டை இங்கே எழுந்ததற்கு ஒரே காரணம் தண்ணீர். சாவா நதி தன்யூபில் கலக்கும் முனையைக் கையில் வைத்திருப்பவர், இரண்டு நதிகளிலும் போகிற படகுகளைக் கையில் வைத்திருந்தார். அதனால் இந்த வழிகாட்டியை உச்சியில் தொடங்கி, வாயில் வாயிலாகத் தண்ணீர் வரை இறக்கி, மாலையில் மீண்டும் மேலே ஏற்றிக் கொண்டுவருமாறு அமைத்திருக்கிறேன். நிதானமாக நடந்தால் ஒரு மதியமும் மாலையும் வேண்டும்.

கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒரு காலத்தில் விசா இல்லாமல் செர்பியாவுக்குப் போகலாம் என்று இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை இல்லை. பழைய பயணக் கட்டுரைகளையும் காணொளிகளையும் நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா கையில் இருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதையும் பயணத்துக்கு முன் செர்பியத் தூதரகத்தின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய விதிகள் சொல்லாமல் மாறுபவை.

நாட்டுக்குள் நுழைந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குமிடத்தைப் பதிவுசெய்ய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். தனியார் வீட்டில் தங்குகிறவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முதல் நாளே நினைவுபடுத்திவிடுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர்க் கோடையை நினைவூட்டும். மேல்தளத்தின் மதில் ஓரங்களில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தென்கிழக்கிலிருந்து கோஷாவா என்ற காற்று வீசும். நாள்கணக்கில் ஓயாமல் அடிக்கும் காற்று அது. அது வீசும் நாளில் மேட்டின் விளிம்பில் நிற்கவே முடியாது. காதை மூடும் துணி இல்லாமல் போகாதீர்கள்.

சூரியன் மறையும் நேரத்தை அன்று காலையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் மாலை எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். நாள் முழுவதற்குமான திட்டம் இதைப் பொறுத்ததுதான்.

பணம் செர்பிய தினாரில் கொஞ்சம் ரொக்கமாக இருக்கட்டும். பூங்காவுக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. இரவும் பகலும் திறந்தே இருக்கிறது. உள்ளே இருக்கும் கிணறு, கோபுரம், பதுங்கறை, அருங்காட்சியகம் போன்றவற்றுக்குத் தனித்தனிக் கட்டணம் உண்டு. காலணி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வாயில்களின் தரை பழைய கல் பாவியது, தேய்ந்து வழவழவென்று இருக்கும். மழை பெய்த மறுநாள் தட்டையான அடிப்பாகம் உள்ள செருப்போடு அங்கே இறங்குவது ஆபத்து.

எப்படிப் போவது

நிகோலா தெஸ்லா விமான நிலையத்திலிருந்து 72-ஆம் எண் நகரப் பேருந்து ஸெலெனி வெனாட்ஸ் என்ற மையப் பகுதிக்கு வருகிறது. 2025 ஜனவரி 1 முதல் பெல்கிரேடில் நகரப் பேருந்து, டிராம், டிராலிபஸ் எல்லாம் இலவசம். எங்கும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. ஸெலெனி வெனாட்ஸிலிருந்து சில நிமிடம் மேலேறி நடந்தால் க்னெஸ் மிஹைலோவா தெரு. வண்டிகள் நுழையாத அகன்ற கடைத்தெரு அது. அதன் கடைசி வரை நேராக நடந்து பாரிஸ்கா தெருவைக் கடந்தால் எதிரே இருப்பது பூங்கா. வழி கேட்கவேண்டிய அவசியமே வராது. கேட்க நேர்ந்தால் 'கலெமெக்தான்' என்று சொன்னாலே போதும், கை நீட்டிக் காட்டுவார்கள்.

கோட்டையைச் சுற்றி டிராம் தண்டவாளம் போகிறது. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு போகிறவர்கள் 2-ஆம் எண் டிராமில் பூங்கா வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். இந்த டிராம் நகரத்தின் மையத்தை வட்டமடித்து வருகிறது. அந்த வட்டத்துக்குள் வீடு இருப்பது பெல்கிரேடுக்காரர்களுக்குத் தனிப் பெருமை.

இடத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 125 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டின் முனையில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடதுபுறம் சாவா. ஸ்லொவேனிய மலைகளில் பிறந்து குரோவேஷியா வழியாக வருகிறது. வலதுபுறமும் எதிரேயும் தன்யூப். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவையும் புடாபெஸ்டையும் பார்த்துவிட்டு இங்கே வந்து, இங்கிருந்து கருங்கடல் நோக்கிப் போகிறது. நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு தீவு. அதன் பெயர் பெரும் போர்த்தீவு. பெயர்தான் அப்படி, இன்று அது பறவைகளின் காப்பிடம்.

கோட்டை வளாகம் நான்கு பகுதிகள் கொண்டது. மேட்டின் மேல் இருப்பது மேல் நகரம். நதிக்கரையில் கீழ் நகரம். நகரத்தை ஒட்டிய மரத்தோப்புப் பகுதி பெரிய கலெமெக்தான். அதன் கிழக்கே, மிருகக்காட்சிசாலை இருக்கும் பக்கம், சிறிய கலெமெக்தான். இந்த நான்கும் மனத்தில் பதிந்துவிட்டால் எந்தப் பாதையில் போனாலும் தொலைந்துபோக மாட்டீர்கள்.

கொஞ்சம் வரலாறும் வேண்டும், அது இல்லாமல் கற்கள் பேசாது. முதலில் கெல்டிய இனத்தாரின் குடியிருப்பு. பிறகு ரோமானியர்களின் சிங்கிடூனம். அவர்களின் நான்காம் ஃபிளேவியப் படைப்பிரிவு இங்கே முகாமிட்டிருந்தது. பைசாந்தியர், பல்கேரியர், ஹங்கேரியர் என்று கை மாறியது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்பிய ஆட்சியாளர் ஸ்டெஃபான் லாஸரெவிச் இதைத் தலைநகராக்கிப் பெரிதாகக் கட்டினார். 1427-இல் அவர் இறந்ததும் மீண்டும் ஹங்கேரியர் கைக்குப் போனது. கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த மூன்றே ஆண்டுகளில், 1456-இல், சுல்தான் இரண்டாம் மெஹ்மத் பெரும்படையோடு இங்கே வந்து, ஹங்கேரியத் தளபதி யானோஷ் ஹுன்யாதியிடம் தோற்றுத் திரும்பினார். அவருடைய கொள்ளுப்பேரன் சுலைமான் 1521-இல் பிடித்துவிட்டார். அதன்பின் உஸ்மானியத் துருக்கியரும் ஆஸ்திரியரும் மாறி மாறிப் பிடித்தார்கள், இடித்தார்கள், கட்டினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் பெருஞ்சுவர்களில் கணிசமான பகுதி 18-ஆம் நூற்றாண்டு வேலை.

ஆஸ்திரியர்களுக்காக இதைப் புதுப்பித்தவர் நிகொலா டொக்ஸா என்ற சுவிஸ் பொறியாளர். 1737-இல் நிஷ் நகரக் கோட்டையைத் துருக்கியரிடம் ஒப்படைத்துவிட்டார் என்று குற்றம் சாட்டி, மறு ஆண்டே இதே பெல்கிரேடில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். 1739 உடன்படிக்கையில் நகரம் துருக்கியரிடம் திரும்பியபோது, அவர் எழுப்பிய அரண்களை ஆஸ்திரியர்களே இடிக்க வேண்டியதாயிற்று.

முதல் கட்டம்: மரத்தோப்பு

பாரிஸ்கா தெருவைக் கடந்ததும் அவசரப்பட்டுக் கோட்டை வாயிலை நோக்கி ஓடாதீர்கள். நீங்கள் நிற்கும் இந்தத் தோப்புதான் கோட்டை பூங்காவான கதையின் தொடக்கம். கோட்டைக்கும் ஊருக்கும் இடையே இது மரமில்லாத வெட்டவெளியாக இருந்தது. பீரங்கிக்கு எதிரே மறைவு எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருந்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் ஊர் செர்பியர்களுடையது, கோட்டை மட்டும் துருக்கியப் படையுடையது என்று ஒரு விசித்திரமான நிலை நீடித்தது. 1862 ஜூனில் ஒரு பொதுக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போன செர்பியச் சிறுவன் துருக்கியப் படைவீரனால் தாக்கப்பட, அது கலவரமாகி, கோட்டையிலிருந்து பீரங்கிகள் ஊரின் மீதே குண்டு வீசின. அதன் பின் நடந்த நெடிய பேச்சுவார்த்தையின் முடிவில், 1867 ஏப்ரல் 18 அன்று இதே வெளியில் வைத்துக் கோட்டையின் சாவிகள் இளவரசர் மிஹைலோவிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, நின்று பாருங்கள்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே எமிலியான் யோஸிமோவிச் இந்த வெளியைப் பூங்காவாக்கும் வேலையைத் தொடங்கினார். பெல்கிரேடின் முதல் நகரத் திட்டத்தை வரைந்தவரும் அவரே. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் வீடுகள் மீது குண்டு பறந்து வந்த வெளியில் மக்கள் மரம் நட்டு, பாதை போட்டு, மாலையில் குழந்தைகளோடு உலாவ வந்தார்கள். உலகத்தில் கோட்டைகள் நிறைய உண்டு. ஆனால் இவ்வளவு விரைவாகவும் முழுமனதாகவும் ஊர் தனதாக்கிக்கொண்ட கோட்டை எனக்குத் தெரிந்து குறைவு.

சாவா பக்கமுள்ள சிறிய படிக்கட்டு 1903-இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் செர்பியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர் யெலிஸவெட்டா நாச்சிச். சற்றுத் தள்ளி பிரான்ஸுக்கு நன்றி தெரிவிக்கும் நினைவுச் சின்னம். முன்னோக்கிப் பாயும் பெண்ணுருவம் அது. சிற்பி இவான் மெஷ்ட்ரோவிச், ஆண்டு 1930.

இந்தத் தோப்பில் முதியவர்கள் சதுரங்கம் ஆடும் மேசைகள் உண்டு. ஆடுகிறவர் இருவர் என்றால் சுற்றி நின்று யோசனை சொல்கிறவர்கள் அதைவிட அதிகம். கைகட்டி நின்று பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நடைபாதை ஓரத்தில் கைப்பின்னல் துணிகளும் பழைய நாணயங்களும் விற்பார்கள். அங்கே 1993-ஆம் ஆண்டின் 50,000 கோடி தினார் நோட்டைத் தேடிப் பாருங்கள். அன்றைய யூகோஸ்லாவியாவில் பணம் மதிப்பிழந்து விழுந்த வேகத்துக்கு அந்த ஒரு தாளே சாட்சி. ஐந்துக்குப் பின் 11 சுழியங்கள். எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாம் கட்டம்: மேல் நகரம்

தோப்பின் நேர்ப்பாதை ஸ்டாம்போல் வாயில் வழியாக அகழிகளைக் கடந்து உள்ளே கொண்டுபோகும். வழியில் அகழிக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் டாங்கிகளும் பீரங்கிகளும் வரிசையாக நிற்கின்றன. அது ராணுவ அருங்காட்சியகத்தின் வெளிக்கூடம். இன்னொரு பக்கம் கூடைப்பந்து மைதானம், டென்னிஸ் மைதானம். செர்பியர்களுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். எதிரியை விழவைக்கத் தோண்டிய பள்ளத்தில் பையன்கள் பந்து போட்டுக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது வீண் அல்ல.

ராணுவ அருங்காட்சியகம் 1878-இல் தொடங்கப்பட்டது. 1999-இல் நேட்டோ குண்டுவீச்சின்போது செர்பியர்கள் சுட்டு வீழ்த்திய அமெரிக்க எஃப்-117 விமானத்தின் பாகங்கள் உள்ளே இருக்கின்றன. ரேடார் கண்ணில் படாது என்று சொல்லப்பட்ட விமானம் அது. போர் வரலாற்றில் ஆர்வம் இருந்தால் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள், இன்றைய நடையோடு சேர்க்காதீர்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மேல் நகரத்துக்குள் நுழைந்ததும் இடதுபுறமாக, அரச வாயில் பக்கம் போங்கள். அங்கே 'ரோமானியக் கிணறு' இருக்கிறது. பெயரை நம்பாதீர்கள், ரோமானியர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1717-இல் நகரத்தைப் பிடித்த ஆஸ்திரியர்கள், முற்றுகை நேர்ந்தால் குடிநீர் வேண்டுமே என்று 1731 வரை பாறையைக் குடைந்து வெட்டியது. சுமார் 60 மீட்டர் ஆழம். இறங்குவதற்கு ஒன்று, ஏறுவதற்கு ஒன்று என்று இரண்டு சுருள் படிக்கட்டுகள் கிணற்றைச் சுற்றிச் செல்கின்றன. தண்ணீர் சுமப்பவர்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. பார்வையாளர்களை விளிம்புவரை விடுவார்கள். எட்டிப் பார்க்கும்போது முகத்தில் வந்து மோதும் குளிர், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் மாறாது. பக்கத்திலேயே 1948-இல் கட்டிய பதுங்கறை. யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவும் ஸ்டாலினும் பகைத்துக்கொண்ட ஆண்டு அது. சோவியத் படை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் கட்டினார்கள்.

கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் மேட்டின் முனை. அங்கே உயர்ந்த தூண் மேல் நிற்கும் வெண்கல ஆண் உருவம்தான் போபெத்னிக், வெற்றி வீரன். ஒரு கையில் பருந்து, மறு கையில் வாள். மெஷ்ட்ரோவிச்சின் வேலை. நகரத்தின் நடுவே தெராஸியே சதுக்கத்தில் வைப்பதற்காகச் செய்தது. ஆடையில்லாத உருவத்தை நடுத்தெருவில் நிறுத்துவதா என்று எதிர்ப்பு கிளம்பியதால் 1928-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊர் செய்த பெரிய நன்மை அது என்பேன். நகரத்துக்கு முதுகைக் காட்டி, நதிக்கு அப்பால் பார்த்து நிற்கிறான். அவன் பார்க்கும் அக்கரை 1918 வரை வேறு நாடு. ஸெமூன் என்ற அந்த ஊரில் பறந்தது ஆஸ்திரிய-ஹங்கேரியக் கொடி. முதல் உலகப் போர் தொடங்கிய அன்று இரவே, 1914 ஜூலை 29 அதிகாலையில், அந்தப் பேரரசின் நதிப் போர்க்கப்பல்கள் கீழே தெரியும் இந்தத் தண்ணீரிலிருந்துதான் பெல்கிரேடின் மேல் முதல் குண்டுகளை வீசின.

இப்போது காட்சியைப் பாருங்கள், ஆனால் நெடுநேரம் நிற்க வேண்டாம். மாலையில் திரும்பி வரப்போகிறோம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மதில்களின் மேல் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. உள்ளூர் இளைஞர்கள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் விளிம்பில் உட்கார வேண்டாம். குழந்தைகளின் கையை விடவே விடாதீர்கள்.

மூன்றாம் கட்டம்: வாயில்கள் வழியாக இறக்கம்

இங்கேதான் பெரும்பாலோர் திரும்புகிறார்கள். நீங்கள் புல்வெளியைக் குறுக்காகக் கடந்து வடகிழக்கே போங்கள். நடுவில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சிறிய அறுகோணக் கட்டடம் ஒன்று வரும். அது துருக்கியத் தளபதி தாமாத் அலி பாஷாவின் சமாதி. அதைத் தாண்டினால் டெஸ்பாட் வாயில். ஸ்டெஃபான் லாஸரெவிச் காலத்துக் கோட்டையில் நன்றாக மிஞ்சியிருக்கும் பகுதி இது. ஒட்டியுள்ள கோபுரத்தில் பொதுமக்களுக்கான வானோக்கு நிலையம் இயங்குகிறது. கட்டணம் செலுத்தி மேலேறித் தொலைநோக்கிகளில் நகரத்தைப் பார்க்கலாம்.

வெளியே பாலத்தைக் கடந்தால் ஸின்தான் வாயில். இருபுறமும் இரண்டு தடித்த வட்டக் கோபுரங்கள். பீரங்கி வந்த பிறகு, 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. இந்த இரண்டு வாயில்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. முதல் வாயிலில் சதுரக் கோபுரம். அம்பும் வேலும் தாக்கிய காலம் அது. இரண்டாவதில் குண்டு பட்டுத் தெறித்து ஓடட்டும் என்று வளைத்துக் கட்டிய சுவர். இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டுதான். அதற்குள் போர் செய்யும் முறையே மாறிவிட்டதைக் கல்லிலேயே பார்க்கலாம். சுவரில் கை வைத்துப் பாருங்கள், தடுக்க யாருமில்லை.

இங்கிருந்து இடதுபுறம் சரிந்து இறங்கும் பாதையில் கொடி படர்ந்த சுவரோடு ருஜிட்சா தேவாலயம். என்னைக் கேட்டால் இந்த வளாகத்தில் தவறவே விடக்கூடாத இடம் இது. கோட்டையின் வெடிமருந்துக் கிடங்காக இருந்த கட்டடத்தை, துருக்கியப் படை வெளியேறிய பிறகு படைவீரர்களுக்கான தேவாலயமாக மாற்றினார்கள். முதல் உலகப் போரில் இடிந்து, 1925-இல் மீண்டும் எழுந்தது. வாசலில் இரண்டு வீரர்களின் சிலைகள்: ஒருவர் இடைக்காலப் போர்வீரர், மற்றவர் அந்தப் போரின் காலாட்படைச் சிப்பாய்.

உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்று, தலைக்கு மேலே தொங்கும் சரவிளக்கைப் பாருங்கள். முதல் பார்வையில் பித்தளை வேலைப்பாடு என்று தோன்றும். கிட்டத்தில் பார்த்தால் அத்தனையும் வெடித்துத் தீர்ந்த தோட்டாக்களின் உறைகள், வாள்கள், துப்பாக்கிப் பாகங்கள். முதல் உலகப் போரில் கிரேக்க நாட்டின் ஸலோனிகா போர்முனையில் இருந்த வீரர்கள் செய்தது. ஒவ்வொரு உறையும் எங்கோ ஒரு குண்டை அனுப்பிவிட்டுக் காலியானது. அதில் விளக்கேற்றிப் பிரார்த்தனை செய்கிறார்கள்.

தேவாலயத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சொல்லிவிடுகிறேன். தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்ற விரும்பினால் தட்டுகள் இரண்டு நிலைகளில் இருப்பதைக் கவனியுங்கள். மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த் தட்டு இறந்தவர்களுக்கு. இதைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். வழிபாடு நடக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

சில படிகள் கீழே புனித பெட்கா சிற்றாலயம். ஓர் ஊற்றின் மேல் கட்டிய ஆலயம் இது. இப்போதைய கட்டடம் 1937-இல் எழுந்தது. உட்சுவர் முழுவதும் மொசைக் ஓவியங்கள். ஊற்றுநீர் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. பாட்டிகள் சிறு பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போவார்கள். அக்டோபர் 27 இந்தப் புனிதையின் திருநாள். அன்று படிகளில் நீண்ட வரிசை நிற்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் கட்டம்: கீழ் நகரமும் நதிக்கரையும்

சிற்றாலயத்திலிருந்து பாதை இன்னும் இறங்கிக் கீழ் நகரத்தில் விடும். சட்டென்று சத்தம் அடங்கி, அகன்ற புல்வெளி விரியும். இடைக்காலத்தில் இங்கே ஆற்றுத் துறைமுகம் இருந்தது. வீடுகளும் கிடங்குகளும் நிறைந்த உண்மையான ஊர் இதுதான். முற்றுகைகளும் வெள்ளங்களும் அதைத் துடைத்துவிட்டன. புல்லுக்குள் அடித்தளக் கற்களின் கோடுகள் ஆங்காங்கே தெரியும். மேலே பார்த்த ஆரவாரத்துக்குப் பின் இந்த வெறுமை சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பொறுமையாகச் சுற்றுங்கள். பழைய துருக்கியக் குளியலறை ஒன்றில் கோளரங்கம் நடக்கிறது. ஆறாம் சார்லஸ் பேரரசரின் பெயரில் 1736-இல் எழுந்த வாயில் ஒன்று, எதையும் காக்காமல் தனியே நிற்கிறது. மேற்குப் பக்கப் பாறைக்குள் குடைந்த பெரிய வெடிமருந்துக் கிடங்கில் ரோமானியக் கல்லறைப் பெட்டிகளும் எழுத்துப் பொறித்த கற்களும் வைத்திருக்கிறார்கள். உண்மையான ரோமானியச் சின்னங்களைப் பார்க்க வேண்டியது அங்கேதான்.

தன்யூப் கரையோரமாகத் தெரியும் எண்கோணக் கோபுரம் நெபோய்ஷா. சுமார் 1460-இல், துறைமுக வாயைக் காக்கும் பீரங்கிக் கோபுரமாக ஹங்கேரியர்கள் கட்டியது. 1521 முற்றுகையில் கடைசிவரை போராடிய இடங்களில் ஒன்று. பின்னர் துருக்கியர் இதைச் சிறையாக்கினார்கள். கிரேக்க விடுதலைக்குக் குரல் கொடுத்த கவிஞர் ரீகாஸ் ஃபெராயோஸ், 1798-இல் தன் தோழர்களோடு இங்கேதான் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். கிரேக்க நாட்டின் உதவியோடு கோபுரத்தைப் புதுப்பித்து, 2011-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஒரு தளம் ரீகாஸுக்கானது. கோபுரத்தின் தடித்த சுவரில் பீரங்கிக்காக விட்ட துளை வழியே ஆற்றைப் பாருங்கள். இந்தக் கோட்டையைக் கட்டியவர்களின் கண்ணுக்கு நதி எப்படித் தெரிந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

கோபுரமும் கிடங்கும் மாலையில் மூடிவிடும். குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். ஆகவே மதியம் ஒரு மணிக்குள் நடையைத் தொடங்கிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இங்கேயே நடையை முடித்துக்கொள்வது நல்லது. கோபுரத்தை ஒட்டிய சாலையிலேயே டிராம் போகிறது.

ஐந்தாம் கட்டம்: மீண்டும் மேலே

மற்றவர்கள் ஏறும்போது வேறு வழியில் ஏறுங்கள். கீழ் நகரத்திலிருந்து தெஃப்தெர்தார் வாயிலுக்குப் படிகள் போகின்றன. செங்குத்தான ஏற்றம், ஆனால் நீளமில்லை. ஏறி முடித்ததும் எதிரே நிற்கும் கல் நீரூற்று மெஹ்மத் பாஷா சொகொலோவிச் பெயரில் 1570-களில் அமைந்தது. அவர் செர்பியக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகத் துருக்கியரால் கொண்டுபோகப்பட்டு, உஸ்மானியப் பேரரசின் முதலமைச்சர் ஆனவர்.

அங்கிருந்து போபெத்னிக் சிலைக்கு மதிலோரமாகவே நடக்கலாம். சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் உட்கார இடம் கிடைக்கும். சிலையின் அடியில் கூட்டம் நெருக்கும். அதற்குச் சற்று வலப்புறம், தன்யூபைப் பார்த்த மதிலில் இடம் தாராளம். தீவும் சங்கமமும் அங்கிருந்தே தெளிவாகத் தெரியும். மழைக்குப் பிந்தைய நாள்களில் இரண்டு நதிகளின் நிறமும் ஒன்றாக இருக்காது. சேரும் இடத்தில் அந்த வேறுபாடு கொஞ்ச தூரம் ஓடுவதைக் காணலாம்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் மேலே ஏறும் முன் அல்லது மறுநாள் சிறிய கலெமெக்தானில் உள்ள மிருகக்காட்சிசாலையைச் சேர்த்துக்கொள்ளலாம். 1936-இல் தொடங்கியது. 1937-இல் அங்கே வந்த முயா என்ற அமெரிக்க அல்லிகேட்டர் வகை முதலை, 1941 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு வீசியதையும் தாண்டி வாழ்ந்தது.

சாப்பாடு

பூங்காவுக்குள் சோளப்பொரியும் அவித்த சோளமும் ஐஸ்கிரீமும் கிடைக்கும். சரியான சாப்பாட்டுக்கு க்னெஸ் மிஹைலோவா பக்கம் திரும்பிவிடுங்கள். செர்பியச் சமையலில் இறைச்சிதான் எல்லாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உதவும் ஒரு சொல் 'போஸ்னோ'. கிறிஸ்தவ நோன்பு நாள்களுக்கான உணவை அப்படிச் சொல்கிறார்கள். அதில் இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. மீன் மட்டும் இருக்கலாம். ஆகவே 'போஸ்னோ, பெஸ் ரிபே' என்று சேர்த்துச் சொல்லுங்கள், மீன் வேண்டாம் என்று பொருள். அடுமனைகளில் கீரை வைத்த மடிப்பு ரொட்டி கிடைக்கும், ஸெல்யானிட்சா என்று கேளுங்கள். அதில் பாலாடைக்கட்டியும் முட்டையும் சேர்ந்திருப்பது வழக்கம். சுட்ட சிவப்புக் குடைமிளகாயை அரைத்துச் செய்யும் ஐவார், எந்த ரொட்டிக்கும் நல்ல துணை. காரத்துடன் வேண்டுமென்றால் 'லியூதி' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நேரம் இருந்தால் பஸ் ஏறி அக்கரையில் இருக்கும் ஸெமூனுக்குப் போங்கள். அங்கே கார்தோஷ் குன்றின் மேல் 1896-இல் கட்டிய ஹங்கேரியக் கோபுரம் ஒன்று இருக்கிறது. முதல் நாள் நீங்கள் இறங்கி ஏறிய கோட்டை முழுவதையும், மேல் நகரம், கீழ் நகரம், இரண்டு நதிகள், தீவு என ஒரே பார்வையில் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். காலை வெயில் கண்ணில் அடிக்கும், மதியத்துக்கு மேல் போனால் கோட்டையின் மேல் வெளிச்சம் நேராக விழும்.